வேறுபாடு தெரிய வேண்டும், நெடுவரிசை நகரக் கூடாது: எடிட்டரில் என்ன வழி?

அணைக்கரை_கிருஷ்ணகிரி எழுதியது:

வணக்கம். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு எடைச்சீட்டும் கொள்முதல் கணக்கும் போடும் மென்பொருளை எழுதித் தரும் சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் ரகவாரி விலைக் கோப்பு அடிக்கடி மாறும். பழைய மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டியிருப்பதால் அந்தக் கோப்பு இன்னும் இடக் கணக்கில்தான் இருக்கிறது. முதல் 16 இடம் ரகம், அடுத்த 8 இடம் எடை, அடுத்த 8 இடம் விலை, பிறகு இரண்டு இடம் விட்டு ஊர். நடுவில் காற்புள்ளியும் கிடையாது, டேபும் கிடையாது. இடம் பிசகினால் எடையின் வால் விலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

நேற்றைய வரியையும் இன்றைய வரியையும் மேலும் கீழுமாகவும் பக்கம் பக்கமாகவும் வைத்துப் பார்க்க, உலாவியில் ஓடும் ஒரு சின்ன எடிட்டரை கோடுமிரர் என்ற எடிட்டர் நூலகத்தை வைத்து எழுதியிருக்கிறேன். மாறிய எழுத்துகளைச் சுற்றிக் கட்டம் போட வைத்தேன். கட்டம் அழகாக வருகிறது, ஆனால் அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாம் இரண்டு பிக்சல் தள்ளிப் போகிறது. ஒரு வரியில் மூன்று கட்டம் விழுந்தால் கடைசி நெடுவரிசை முக்கால் எழுத்து விலகி நிற்கிறது. மாதிரிக்கு இரண்டு வரி:

தோத்தாபுரி          1240   18.50  போச்சம்பள்ளி
தோத்தாபுரி         1240   18.05  போச்சம்பள்ளி

எழுத்து அசையாமல் வேறுபாட்டை மட்டும் காட்ட என்ன செய்ய வேண்டும்?

தகடூரான் எழுதியது:

பார்டரை எடுத்துவிடுங்கள். பேடிங், அதாவது உள் இடைவெளி, போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வரிக்குள் ஓடும் ஸ்பானுக்கு, அதாவது எழுத்துத் துண்டைச் சுற்றும் குறிக்கு, மேலும் கீழும் பார்டர் போட்டால் வரியின் உயரம் கூடாது. இடமும் வலமும் போட்டால் அந்தத் தடிமன் நேராக அகலத்தில் சேரும். உங்கள் இரண்டு பிக்சல் அங்கிருந்துதான் வருகிறது.

கட்டம்தான் வேண்டும் என்றால் அவுட்லைன் போடுங்கள், அல்லது பாக்ஸ்-ஷேடோ என்ற நிழலை இன்செட்டாக, அதாவது உட்பக்கமாகப் போடுங்கள். இரண்டும் எழுத்தின் மேல் பூசும் வண்ணம்தான், இட ஒதுக்கீட்டில் பங்கு கேட்காது. அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில் அவுட்லைன் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், இன்செட் ஷேடோ தன் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆகவே என் ஓட்டு இரண்டாவதற்கு. பேக்கிரவுண்டு நிறம், அடிக்கோடு, எழுத்தின் நிறம் ஆகியவற்றாலும் எதுவும் நகராது.

போல்டைத் தொடாதீர்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் நல்ல மோனோஸ்பேஸ் எழுத்துருவில் சாதாரண முகத்துக்கும் போல்டு முகத்துக்கும் ஒரே அகலம் வைத்திருப்பார்கள். போல்டுக்குத் தனி முகம் இல்லாத எழுத்துருவில் உலாவி தானாகவே தடிப்பாக்கும். அப்போது அகலத்தை நம்ப முடியாது.

பட்டறை_ஓசூர் எழுதியது:

நான் நிரலாளன் இல்லை, கணினி நிரலால் ஓடும் சிஎன்சி லேத் ஓட்டுகிறவன். ஆனால் இந்தத் தலைவலி எங்களுக்கும் உண்டு. பழைய ஆர்டர் திரும்ப வரும்போது, மெஷினில் இருக்கும் புரோகிராமும் கணினியில் சேமித்த புரோகிராமும் ஒன்றுதானா என்று பார்த்தாக வேண்டும். நகர்த்தும் அளவு எக்ஸ்10 என்று புள்ளியோடு முடிவதற்கும் புள்ளி இல்லாமல் முடிவதற்கும் பல கன்ட்ரோலர்களில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். புள்ளி இருந்தால் 10 மில்லிமீட்டர். இல்லாவிட்டால் 10 மைக்ரான், அதாவது 0.010 மில்லிமீட்டர். ஒரு புள்ளிக்காக டூல் உடையும்.

அதனால் வெறும் எழுத்து நிறத்தை மாற்றும் யோசனை எனக்கு ஒத்துவராது. புள்ளியைச் சிவப்பாக்கினாலும் அது புள்ளி அளவுதான் இருக்கிறது, பட்டறை வெளிச்சத்தில் கண்ணில் படாது. பின்புறம் முழுக் கட்டமாக நிறம் ஏறினால்தான் தெரியும். எதிர் வரியில் அந்தப் புள்ளியே இல்லையே, அங்கே எதற்கு நிறம் பூசுவது?

தகடூரான் எழுதியது:

@பட்டறை_ஓசூர் முக்கியமான கேள்வி அண்ணா. இருக்கிற எழுத்தைக் காட்டுவது எளிது, இல்லாத எழுத்தைக் காட்டுவதுதான் சிக்கல். பலர் அங்கே ஒரு வெற்றிடத்தையோ சின்ன முக்கோணத்தையோ செருகிவிடுகிறார்கள். செருகியதும் வரி நகர்ந்துவிடும்.

நகராமல் செய்ய, விடுபட்ட இடத்துக்கு அடுத்து நிற்கும் எழுத்தைப் பிடியுங்கள். அதன் இடது ஓரத்தில் இரண்டு பிக்சல் தடிமனுக்கு இன்செட் ஷேடோ பூசுங்கள். கர்சர் நிற்பதுபோல் ஒரு செங்குத்துக் கோடு தெரியும். எழுத்து தன் இடத்திலேயே இருக்கும், கோடு அதன் எல்லைக்குள் வரையப்படும். விடுபட்டது வரியின் கடைசியில் என்றால் பிடிக்க எழுத்து இல்லை. அப்போது கடைசி எழுத்தின் வலது ஓரம்.

கோடுமிரரில் இதற்கு மார்க் வகை அலங்காரத்தைப் பயன்படுத்துங்கள். விட்ஜெட் வகை ஆவணத்துக்குள் புதிய பொருளை நுழைக்கும், அது வேண்டாம். மொனாக்கோ என்ற இன்னொரு எடிட்டர் நூலகத்தில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே வரிக்குள் போடும் சிஎஸ்எஸ் வகுப்பு எழுத்து இடைவெளியை மாற்றுமா என்று எடிட்டரிடம் முன்கூட்டிச் சொல்லத் தனி விருப்பமே இருக்கிறது. சொல்லாமல் பார்டர் போட்டால், எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நம்பி அது கணக்குப் போடும். நீங்கள் சொடுக்கிய இடம் ஒன்று, கர்சர் போய் நிற்கும் இடம் வேறு.

பழைய_ஈமேக்ஸ்_தருமபுரி எழுதியது:

உலாவியை விட்டு வெளியேயும் உலகம் இருக்கிறது தம்பிகளே. ஈமேக்ஸ் எடிட்டரில் முகங்களுக்கு, அதாவது எழுத்தின் தோற்ற அமைப்புகளுக்கு, பாக்ஸ் பண்பு உண்டு. கோட்டின் தடிமனை 1 என்று கொடுத்தால் கட்டம் எழுத்துக்கு வெளியே வளரும். -1 என்று கொடுத்தால் மேல்கோடும் கீழ்க்கோடும் எழுத்தின் இடத்துக்குள்ளேயே வரையப்படும், வரி உயராது, ஆனால் பக்கக் கோடுகள் அகலத்தில் சேரும். இப்போதைய பதிப்புகளில் குறுக்கு, நெடுக்கு இரண்டுக்கும் தனித்தனித் தடிமன் கொடுக்கலாம், இரண்டையும் -1 ஆக்கினால் எதுவும் நகராது. நிறத்துக்கு ஓவர்லே என்ற மேலடுக்கு போட்டால் போதும். அதே ஓவர்லேயில் முன்-சரம், பின்-சரம் என்று எதையாவது ஒட்டினால் அது திரையில் இடம் பிடிக்கும்.

முனையத்தில் (டெர்மினல்) வேலை செய்கிறவர்கள் கிட் என்ற பதிப்பு மேலாண்மை நிரலின் வேர்டு-டிஃப்பை, அதாவது சொல்வாரி ஒப்பீட்டைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். இயல்பான அமைப்பில் அது நீக்கியதைச் சதுர அடைப்புக்குள்ளும் சேர்த்ததை நெளிவு அடைப்புக்குள்ளும் போடும். நெடுவரிசை போயே போய்விடும். நிறம் மட்டும் போடும் கலர்-வேர்ட்ஸ் அடைப்புகளைத் தூக்கிவிடுகிறது, ஆனால் பழைய சொல்லையும் புதிய சொல்லையும் ஒரே வரியில் அடுத்தடுத்து எழுதுகிறது. கட்டுரை திருத்த அருமையானது. அட்டவணைக்கு ஆகாது. இரண்டு பதிப்பையும் ஒரே வரிக்குள் திணிக்கும் எந்த முறையிலும் வரிசை நிற்காது. மேலே பழையது, கீழே புதியது என்று நீங்கள் வைத்திருப்பதே சரி.

தொப்பூர்_வளைவு எழுதியது:

டேபை யாரும் சொல்லவில்லையே. டிஃப் என்ற ஒப்பீட்டு நிரல் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி ஒன்று போடுகிறது. வரியின் தொடக்கத்தில் டேப் இருந்தால் பாதகமில்லை, டேப் எப்படியும் 8ஆம் இடத்துக்குப் போய்விடும். ஆனால் 7 எழுத்து, பிறகு டேப் என்றால், முன்னால் சேர்ந்த குறியால் அது 8 எழுத்தாகி, டேப் 16ஆம் இடத்துக்குத் தாவும். கோப்பில் ஒழுங்காக இருந்த அட்டவணை டிஃப்பில் கோணலாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். குனு டிஃப்பில் பெரிய டி விருப்பம் குறிக்குப் பின் ஒரு டேபைச் சேர்த்து இதைச் சரிசெய்யும், சிறிய டி டேப்களை ஸ்பேஸ்களாக விரித்துவிடும்.

அணைக்கரை_கிருஷ்ணகிரி எழுதியது:

@தகடூரான் இன்செட் ஷேடோ வேலை செய்கிறது. இரண்டு பிக்சல் தொல்லை தீர்ந்தது, மிக்க நன்றி.

இப்போது வேறு இரண்டு சிக்கல். ஒன்று, 18.50க்கும் 18.05க்கும் இடையில் அது காட்டும் வேறுபாடு விசித்திரமாக இருக்கிறது. மேல் வரியில் கடைசிச் சுழியத்துக்கு மட்டும் நிறம், கீழ் வரியில் புள்ளிக்கு அடுத்த சுழியத்துக்கு மட்டும் நிறம். இரண்டு வரியிலும் 5 நிறமில்லாமல் நிற்கிறது. கணக்கர் பார்த்துவிட்டு "சுழியம் எங்கே தப்பு?" என்று கேட்கிறார்.

இன்னொன்று, நான் எந்த அலங்காரமும் போடாத வரிகளிலேயே எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று நிற்கவில்லை. மல்கோவா வரி ஓரிடம், தோத்தாபுரி வரி ஓரிடம்.

தகடூரான் எழுதியது:

முதல் சிக்கலுக்கு உங்கள் நூலகத்தைக் குறை சொல்ல முடியாது. ஹன்ட், மெக்கில்ராய் இருவரின் 1976 கட்டுரை தொடங்கி, கிட் இயல்பாகப் பயன்படுத்தும் மையர்ஸின் 1986 முறை வரை, டிஃப் தேடுவது மிகக் குறைந்த வெட்டு ஒட்டில் ஒன்றை மற்றொன்றாக்கும் வழியை. 50ஐ 05 ஆக்க ஒரு சுழியத்தை முன்னால் சேர்த்து ஒரு சுழியத்தைப் பின்னால் நீக்கினால் போதும். கணிதப்படி சரி. பதினெட்டரை ரூபாய் பதினெட்டு ரூபாய் ஐந்து காசாகிவிட்டது என்பதுதானே கணக்கருக்குத் தெரிய வேண்டியது!

எழுத்து அளவில் ஒப்பிடுவதை நிறுத்துங்கள். உங்களுக்கு வரிக்குள் டிஃப் முறையே தேவையில்லை, புலம் புலமாக எடுத்து ஒப்பிடுங்கள். விலை மாறியிருந்தால் விலை முழுவதற்கும் நிறம். எந்த வரிக்கு எந்த வரி இணை என்று கண்டுபிடிக்க மட்டும் டிஃப்பை வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான எடிட்டர் எழுதுகிறவர்களும் சொல் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. விம் எடிட்டரில் வெகுகாலம், முதல் வேறுபாட்டிலிருந்து கடைசி வேறுபாடு வரை ஒரே பட்டையாகத்தான் நிறம் வரும். இப்போதைய பதிப்புகளில் எழுத்து அளவா சொல் அளவா என்று தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது சிக்கலைத் தமிழ் தெரிந்தவர்கள் பேசட்டும். எனக்கு ஆங்கிலக் கோப்புகளோடுதான் பழக்கம்.

பென்னாகரம்_வாசகி எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு அலங்காரத்தோடு சம்பந்தமே இல்லை. மோனோஸ்பேஸ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. எடிட்டர் சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்குகிறது. அதில் ணகரம் அகலம், ரகரம் குறுகல். ஒரே அளவுக் கட்டத்தில் 'ணொ'வையும் 'ர'வையும் அடைத்தால் எது நசுங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"16 இடம்" என்கிறீர்களே, எதை எண்ணுகிறீர்கள்? தோத்தாபுரி கண்ணுக்கு ஐந்து எழுத்து: தோ, த், தா, பு, ரி. யூனிகோடில் பத்துக் குறியீடு, கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் முப்பது பைட். உங்கள் நிரல் குறியீடுகளை எண்ணி மீதியை ஸ்பேஸால் நிரப்புகிறது என்று ஊகிக்கிறேன்: 10 குறியீடு, 6 ஸ்பேஸ். மல்கோவா என்றால் 7 குறியீடு, 9 ஸ்பேஸ். திரையில் அந்தப் பத்துக் குறியீடும் பத்து இடத்தின் அகலத்தை நிரப்பப் போவதில்லை. முனையங்களிலும் இதே குழப்பம்தான். புள்ளியும் ஈகாரச் சுழியும் யூனிகோடில் அகலமற்ற குறி என்ற வகையில் வருகின்றன, காலும் கொம்பும் இடம் பிடிக்கும் குறி என்ற வகையில் வருகின்றன. அகலத்தை எண்ணும் நிரல் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முனையத்திலும் ஒவ்வொரு கோணல்.

நிற்க. நீங்கள் முதலில் ஒட்டிய மாதிரி வரிகளை மறுபடி பாருங்கள். மேல் வரியில் தோத்தாபுரிக்கும் 1240க்கும் இடையே 10 ஸ்பேஸ், கீழ் வரியில் 9. ஏன்?

அணைக்கரை_கிருஷ்ணகிரி எழுதியது:

நான் கை வைக்கவில்லை. இரண்டும் கோப்பிலிருந்து அப்படியே எடுத்தவை. நிரல் தானாக நிரப்பியது.

பென்னாகரம்_வாசகி எழுதியது:

நினைத்தேன். கீழ் வரியின் 'தோ'வை உடைத்துப் பாருங்கள். ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. யூனிகோடு இவ்விரண்டையும் சமம் என்றே சொல்கிறது. உங்கள் நிரலுக்கு மட்டும் ஒன்று 10, இன்னொன்று 11. அதனால் ஒரு ஸ்பேஸ் குறைவாக நிரப்பிவிட்டது. பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப்பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியவர்களிடமிருந்து இப்படி வர வாய்ப்பு உண்டு.

ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு. அதோடு தீராத ஒன்றும் உண்டு. 'கௌ' என்பதை ஔகாரக் குறியோடு எழுதுவார்கள். சிலர் ஒற்றைக் கொம்பு போட்டு 'கெள' என்று ளகரத்தையே தட்டிவிடுவார்கள். அதை யூனிகோடு சமம் என்று ஏற்காது, உண்மையாகவே வேறு சொல். அங்கே நிறம் வருவது நியாயம்.

நிறம் பூசும் எல்லையும் எழுத்தின் நடுவில் விழக் கூடாது. 'கோடு'க்கும் 'கேடு'க்கும் இடையே மாறுவது குறி மட்டும்தான். ஆனால் குறியை மட்டும் தனி ஸ்பானில் போட்டு, அதற்கு வேறு எழுத்துருவோ போல்டோ வைத்தால், குறி மெய்யிலிருந்து கழன்று புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எல்லையை முழு எழுத்துக்கு நகர்த்துங்கள். எங்கே ஓரெழுத்து முடிகிறது என்று பிரித்துத் தர இன்ட்ல் செக்மென்டர் உலாவியிலேயே இருக்கிறது.

வரி உயரத்தையும் கவனியுங்கள். கடன் வாங்கிய தமிழ் எழுத்துரு உயரமாக இருந்தால், தமிழ் உள்ள வரி மட்டும் சற்று உயர்ந்து, பக்கத்துப் பலகையில் உள்ள இணை வரியோடு ஒட்டாது. வரி உயரத்தை நிலையாக, கொஞ்சம் தாராளமாக வையுங்கள். இறுக்கினால் 'கூ'வின் கீழ்ச் சுழியும் ஈகாரத்தின் மேல் வளைவும் வெட்டுப்படும்.

காரிமங்கலம்_மாணவன் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி ஆக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

அணைக்கரை_கிருஷ்ணகிரி எழுதியது:

@காரிமங்கலம்_மாணவன் ஆலைகளின் எடை மேடையில் ஓடும் நிரலை மாற்றும் உரிமை எனக்கு இல்லை தம்பி.

@பென்னாகரம்_வாசகி நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. கீழ் வரியில் 'தோ' மூன்று குறியீடு. இப்போது என்எஃப்சி ஆக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகிறேன், நிரப்பும் இடத்திலும் அதையே செய்கிறேன். நெடுவரிசை திரையில் நேராக நிற்க என்ன செய்யலாம்?

தகடூரான் எழுதியது:

ஒவ்வொரு புலத்தையும் ஒரு மார்க்கில் போட்டு, அந்த ஸ்பானை இன்லைன்-பிளாக் ஆக்கி, அகலத்தை 16சிஎச், 8சிஎச் என்று கொடுங்கள். சிஎச் என்பது அந்த எழுத்துருவில் சுழியத்தின் அகலம். உள்ளே தமிழ் எப்படி இருந்தாலும் அடுத்த புலம் சரியான இடத்தில் தொடங்கும். மிஞ்சுவதை மறைக்க ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போடுவீர்கள். போட்டதும் எழுத்துகள் திடீரென்று மேலே எம்பும். பயப்பட வேண்டாம், ஓவர்ஃப்ளோ மறைத்த இன்லைன்-பிளாக்குக்கு, எழுத்து நிற்கும் அடித்தளம் (பேஸ்லைன்) அதன் கீழ் விளிம்புக்கு மாறிவிடும். வெர்ட்டிகல்-அலைன் டாப் கொடுத்தால் இறங்கிவிடும்.

பட்டறை_ஓசூர் எழுதியது:

இது எனக்குச் சரியாகப் படவில்லை. கோப்பில் உண்மையாகவே ஒரு ஸ்பேஸ் குறைந்திருந்தால்? நீங்கள் அகலத்தைப் பூட்டிவிட்டீர்கள், திரையில் எல்லாம் நேர்க்கோட்டில் நிற்கும். கணக்கர் நேராக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். எடை மேடைக்குப் போன பிறகுதானே தெரியும். அளவு பார்க்கும் கருவியே கோணலை நிமிர்த்திக் காட்டினால் எதை வைத்து அளப்பது? அந்த அம்மா 10 ஸ்பேஸ், 9 ஸ்பேஸ் என்று கண்டுபிடித்ததே கோணலைப் பார்த்துத்தான்.

தகடூரான் எழுதியது:

நியாயமான ஆட்சேபம். ஆனாலும் பூட்டை எடுக்க மாட்டேன், கூடவே ஒரு காவல் வைப்பேன். வரியை இடக் கணக்கில் வெட்டுவதற்கு முன், எண்கள் அவற்றுக்குரிய இடத்தில்தான் முடிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்: எடை 24ஆம் இடத்தில், விலை 32ஆம் இடத்தில். பிசகிய வரிக்குப் பூட்டே போடாதீர்கள். அது உள்ளது உள்ளபடி கோணலாகவே தெரியட்டும், வரி முழுதும் மஞ்சளாகட்டும்.

பட்டறை_ஓசூர் எழுதியது:

அப்படியென்றால் சரி.

பென்னாகரம்_வாசகி எழுதியது:

கணக்கர் இதைத் தாளில் எடுப்பாரா? எடுப்பார் என்றால் ஒரு எச்சரிக்கை: உலாவிகள் அச்சிடும்போது பின்புல நிறத்தை இயல்பாக விட்டுவிடும். திரையில் பளிச்சென்று இருந்த வேறுபாடு தாளில் காணாமல் போகும். பிரிண்ட்-கலர்-அட்ஜஸ்ட் என்பதை எக்ஸாக்ட் என்று வைக்கலாம், அல்லது அச்சுக்கு மட்டும் அடிக்கோடு போடலாம். கறுப்பு வெள்ளை அச்சுப்பொறி என்றால் அடிக்கோடுதான் தெளிவு. நீக்கத்துக்குச் சிவப்பு, சேர்ப்புக்குப் பச்சை என்று மட்டும் வைத்தால் நிறப்பார்வைக் குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதற்கும் அடிக்கோடு உதவும். பழையதற்குப் புள்ளிக்கோடு, புதியதற்கு முழுக்கோடு.

அணைக்கரை_கிருஷ்ணகிரி எழுதியது:

தாளில்தான் எடுக்கிறார், அதில் கையெழுத்தும் போடுகிறார். அச்சுக்கு அடிக்கோடு சேர்த்துவிட்டேன்.

இப்போதைய நிலை: என்எஃப்சி, புலவாரி ஒப்பீடு, இன்செட் ஷேடோ, அகலப் பூட்டு, பிசகிய வரிக்கு மஞ்சள். ஒன்று மட்டும் பாக்கி. புதிய ரகம் ஒன்று சேரும்போது, பக்கம் பக்கமாக வைக்கும் பார்வையில், அதற்குக் கீழே இரண்டு பலகையும் ஒரு வரி விலகிவிடுகிறது. நானே எதிர்ப் பலகையில் ஒரு வெற்று வரியைச் சேர்க்கலாமா?

தகடூரான் எழுதியது:

ஆவணத்தில் சேர்க்காதீர்கள். சேமித்தால் அந்த வெற்று வரியும் கோப்புக்குள் போய்விடும். விம் இதற்கு நிரப்பு வரியைத் திரையில் மட்டும் காட்டும், விஎஸ் கோடு சாய்கோட்டுப் பட்டையால் அந்த இடத்தை நிரப்பும், இரண்டுமே கோப்பைத் தொடுவதில்லை. கோடுமிரருக்கு மெர்ஜ் என்ற தனிப் பொதி இருக்கிறது, அதன் இரட்டைப் பலகைப் பார்வை இடைவெளியைத் தானே கணக்கிட்டு வைக்கும். நீங்களே எழுதுவதானால் பிளாக் விட்ஜெட் போடுங்கள், மேலும் கீழும் மார்ஜின், அதாவது வெளி இடைவெளி, கொடுக்காதீர்கள். உயரத்தை அளக்கும்போது கோடுமிரர் மார்ஜினைக் கணக்கில் எடுப்பதில்லை, அதற்குக் கீழே சொடுக்கும் இடமெல்லாம் தவறும். இடைவெளி வேண்டுமென்றால் பேடிங்காகக் கொடுங்கள். வரிக்குள் வேண்டாம் என்ற பேடிங் இங்கே தாராளமாக வரலாம்.